இரட்டைப் புகைபோக்கி வைத்த பிக்கப்: விரிசலின் காரணமும் மறுபொருத்தமும்

நாங்கள் சரிசெய்த வண்டி 2001ஆம் ஆண்டு டாட்ஜ் ராம் 2500 பிக்கப். ஆறு சிலிண்டர், 24 வால்வு, 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின், கையால் மாற்றும் கியர், பின்னால் சுமை ஏற்ற எட்டடித் தொட்டி. தொட்டியின் முன் மூலைகள் இரண்டிலும் 8 அங்குலப் புகைபோக்கிகள் தளத்தைத் துளைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றன. கேபினுக்கு அடியில் வரும் பைப், தொட்டிக்குக் கீழே ஒரு ஒய் இணைப்பில் இரண்டாகப் பிரிந்து, வலது கிளை உடனே மேலே ஏறியது. இடது கிளை, பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு மேலாகக் குறுக்கே போய், டீசல் டாங்கை ஒட்டிச் சென்று, மறுபக்கம் ஏறியது.

குறைகள் ஐந்து. ஒய் இணைப்பின் கவட்டையில் தொடங்கிய விரிசல் இடது கிளையின் சுற்றளவில் பாதிக்கு மேல் ஓடியிருந்தது. தளத் துளையின் விளிம்பு பைப்பை அரைத்துப் பள்ளம் விழுந்திருந்தது. இடது பக்கம் பின்விளக்குக்குப் போகும் வயரின் உறை இளகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. பின் கண்ணாடியைத் திறந்தால் கேபினுக்குள் புகை வந்தது. நெடுஞ்சாலை வேகத்தில் காதை அடைக்கும் ரீங்காரம் இருந்தது. எஞ்சினும், புகையின் விசையில் சுழன்று அதற்குக் காற்றைத் திணிக்கும் டர்போவும் நல்ல நிலையில் இருந்தன. உரிமையாளரின் நிபந்தனை இரண்டுதான்: போக்கிகள் இரண்டும் இருக்க வேண்டும், தொட்டியில் சுமையும் ஏற்ற வேண்டும்.

விரிசலை மட்டும் வெல்டிங் வைத்து அடைத்து அனுப்பியிருக்கலாம். பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. கொஞ்ச நாளில் அதே வெல்டிங் தையலுக்கு அரை அங்குலம் தள்ளி மறுபடி விரிசல் விடும். ஏன் என்பதற்கு, இந்த வண்டியில் எது எதோடு சேர்ந்து அசைகிறது என்று பார்க்க வேண்டும்.

எது அசைகிறது, எது பிடித்திருக்கிறது

எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. பாரம் ஏறும்போது அது பக்கவாட்டில் சாயும். டர்போவும் அதில் மாட்டிக் கீழே இறங்கும் டவுன்பைப்பும் கூடவே சாயும். கேபினும் ரப்பர் மவுண்டில்தான் நிற்கிறது. தொட்டி மட்டும் சேஸியில் நேரடியாக போல்ட் போடப்பட்டிருக்கிறது. மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறினால் சேஸி முறுக்கிக்கொள்ளும். அப்போது கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் விரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இவை போதாதென்று பைப் தானே சூட்டில் நீள்கிறது.

பழைய பொருத்தத்தில் ஒய் இணைப்பை ஒரு தகட்டால் சேஸியின் குறுக்குச் சட்டத்தில் வெல்டிங் வைத்துப் பிடித்திருந்தார்கள். போக்கியின் மேல் தாங்கல் கேபினின் பின்சுவரில் திருகப்பட்டிருந்தது. டர்போவிலிருந்து ஒய் வரை, மடிப்புகளால் வளைந்துகொடுக்கும் மடங்கு பைப் ஒன்றுகூட இல்லை. ஆக, ஒரே விறைப்பான இரும்புத் துண்டு எஞ்சின், சேஸி, கேபின் மூன்றையும் சேர்த்துக் கட்டியிருந்தது. மூன்றும் தனித்தனியாக அசையத்தான் அந்த வண்டி செய்யப்பட்டது.

போக்கி பெரிது, கனம் தாங்காமல் விட்டுவிட்டது என்று சொல்வது வழக்கம். கணக்குப் போட்டால் அது நிற்பதில்லை. 1.6 மி.மீ. கனமுள்ள 8 அங்குல எஃகு பைப் மீட்டருக்கு சுமார் 8 கிலோ. 1.2 மீட்டர் உயரத்துக்கு 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பள்ளத்தில் விழும்போது பக்கவாட்டில் ஈர்ப்பு விசையின் மூன்று மடங்கு அதிர்ச்சி கிடைத்தாலும், அடியில் வரும் வளைவுச் சுமை சுமார் 180 நியூட்டன் மீட்டர். கீழே இருக்கும் 5 அங்குல பைப்பில் அது சதுர மி.மீ.க்கு 9 நியூட்டன் அழுத்தமாகவே விழும். தையல் விளிம்பில் இது சில மடங்கு கூடும் என்றாலும், இவ்வளவு சீக்கிரம் பிளக்கக் காரணம் போதாது.

சூட்டின் கணக்கு வேறு மாதிரி. டர்போவிலிருந்து ஒய் வரை பைப்பின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். சுமை இழுக்கும்போது அது குளிர்ந்த நிலையைவிட 350 டிகிரி செல்சியஸ் கூடச் சூடாகிறது என்றால், சாதா எஃகு 12 மி.மீ.க்கு மேல் நீளும். 304 ரக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) என்றால் 18 மி.மீ. நீளும். அந்த நீட்சியை இரு முனையிலும் முழுக்கத் தடுத்தால் உள்ளே எழும் அழுத்தம் சதுர மி.மீ.க்கு 800 நியூட்டனைத் தாண்டும். மென் எஃகு அதில் மூன்றில் ஒரு பங்கிலேயே நிரந்தரமாக நெளிந்துவிடும். நிஜத்தில் பைப் கொஞ்சம் வளைந்துகொடுக்கும், தகடும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், முழு அளவு வராது. ஆனாலும் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் மிக விறைப்பான, மிகக் கூரான இடம் ஒரு பங்கு நெளிகிறது. இங்கே அந்த இடம் ஒய்யின் கவட்டை.

விரிசல் விட்ட பகுதியை அறுத்துத் திறந்தால் இன்னொன்றும் தெரிந்தது. அலுமினியம் பூசிய எஃகைப் பூச்சோடு அப்படியே வெல்டிங் வைத்திருந்தார்கள். அலுமினியம் உருகுக்குளத்தில் கலந்து தையல் பொரிபொரியாக இருந்தது. உள்பக்கம் பூச்சு எரிந்துபோய், வேர்த்த நீர் பட்டுத் துரு பிடித்திருந்தது. கட்டுப்போட்ட பைப், ஓட்டை விழுந்த தையல், துரு: விரிசலுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்.

எத்தனை அங்குலம் போதும்

8 அங்குலம் பார்வைக்குத்தான். இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுழற்சியில், டர்போ திணிக்கும் கூடுதல் காற்றழுத்தம் (பூஸ்ட்) 20 பி.எஸ்.ஐ. இருக்க ஓடும்போது நொடிக்கு சுமார் 0.35 கிலோ வாயுவை வெளியே தள்ளும். 400 டிகிரியில் அது நொடிக்கு 0.66 கன மீட்டர். 4 அங்குல பைப்பில் இந்த ஓட்டம் நொடிக்கு 86 மீட்டர் வேகத்தில் போகும். 5 அங்குலத்தில் 55. இரட்டை 5 அங்குலத்தில் 27. இரட்டை 6 அங்குலத்தில் 19. இரட்டை 8 அங்குலத்தில் 10 மீட்டர் மட்டுமே. புகை வெளியேறுவதை எதிர்க்கும் பின்னழுத்தத்தை முடிவுசெய்வது டர்போவை ஒட்டிய ஒடுக்கமான பகுதியும் வளைவுகளும்தான். கடைசி ஒன்றரை மீட்டரை இரட்டிப்பாக அகலப்படுத்தினால் சக்தி கூடாது. 8 அங்குலத்தில் வேகம் குறைந்து கரி அதிகம் படியும், மழைநீர் எளிதில் இறங்கும், 6 அங்குலத்தைவிட மீட்டருக்கு 2 கிலோ கனமும் கூடும். எனவே டவுன்பைப்பிலிருந்து சைலன்சர் வரை 4 அங்குலம், சைலன்சர் முதல் தளம் வரை 5, போக்கிகள் 6 என்று முடிவாயிற்று.

போக்கியின் உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஓடும் வண்டியின் கேபினுக்குப் பின்னால் காற்று சுழன்று முன்னோக்கி இழுக்கும் ஒரு தாழ்வழுத்தப் பகுதி உண்டு. பழைய போக்கிகளின் வாய் கூரையிலிருந்து 50 மி.மீ. மட்டுமே உயர்ந்திருந்ததால் புகை அந்தச் சுழலில் மாட்டி, பின் கண்ணாடி வழியாக உள்ளே வந்தது. புதியவை கூரைக்கு மேல் 200 மி.மீ. வாய் சாய்வாக வெட்டப்பட்டு, திறப்பு பின்னோக்கி இருக்கிறது. நேர்வெட்டு வாய் படத்தில் அழகாக இருக்கும், மழையில் இருக்காது. புகையின் அழுத்தத்தில் திறக்கும் மழைமூடிகள் எஞ்சின் சும்மா ஓடும்போது டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். கரி பிடித்துத் திறந்தபடியே நின்றும்விடும்.

வழியை மாற்றியது

இந்த வேலையின் பெரிய முடிவு, இரண்டாகப் பிரிவதைத் தளத்துக்குக் கீழே வைக்காமல் மேலே கொண்டுவந்தது. கீழே இடது கிளை போகும் வழியில் மூன்று ஆபத்துகள்: சுழலும் ஷாஃப்ட், பிளாஸ்டிக் டீசல் டாங்க், வயர் கட்டு. டாங்க் செய்யப்படும் பாலிஎத்திலீன் 130 டிகிரியை ஒட்டி உருகிவிடும்; அதற்கு முன்பே இளகும். பழைய பைப் அதிலிருந்து 40 மி.மீ. தூரத்தில் மறைப்புத் தகடுகூட இல்லாமல் போனது. மறைப்பு வைத்து, 100 மி.மீ. இடைவெளி எடுத்து, கீழேயே ஓட்டுவதும் சில வண்டிகளில் முடியும். இதில் ஷாஃப்டின் மேல்நிலைக்கும் தளச் சட்டத்துக்கும் நடுவே 5 அங்குல பைப்புக்கு மிச்சம் இருந்த இடம் போதவில்லை. ஷாஃப்டின் மேல்நிலையை வண்டி சும்மா நிற்கும்போது அளக்கக் கூடாது. சேஸியை நிறுத்தித் தாங்கிவிட்டு, ஆக்ஸிலை ஜாக்கியால் தடுப்பு ரப்பரில் முட்டும் வரை தூக்கி அளக்க வேண்டும். அந்த நிலையிலும் 50 மி.மீ. மிஞ்ச வேண்டும்.

புதிய வழி இது: டர்போ வலது பக்கம் இருப்பதால் பைப் முழுக்க வலது பக்கமாகவே வருகிறது. தொட்டியின் முன்பகுதியில் சேஸி நீளச்சட்டத்துக்கு உள்பக்கமாக ஒரே ஒரு 5 அங்குல பைப் தளத்தைத் துளைத்து ஏறுகிறது. தளத்துக்கு மேல், முன்சுவரை ஒட்டி ஒரு 6 அங்குலக் குறுக்கு பைப். அதன் இரு முனைகளிலிருந்தும் போக்கிகள் எழுகின்றன. இடது பக்கத்தில் தளத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை. டாங்க், வயர், ஷாஃப்ட் மூன்றும் ஒரே முடிவில் தீர்ந்தன. கொடுத்த விலை: தொட்டி நீளத்தில் 300 மி.மீ. போய்விட்டது.

செங்குத்தாக முட்டும் டீ இணைப்பு ஓட்டத்தைக் கெடுக்காதா என்ற கேள்வி நியாயமானது. 5 அங்குலத்தில் நொடிக்கு 55 மீட்டர் வேகத்துக்கு இயக்க அழுத்தம் (ஓட்டத்தின் வேகத்தால் வரும் அழுத்தம்) 0.8 கிலோபாஸ்கல்தான். நல்ல ஒய்க்கும் சாதா டீக்கும் வித்தியாசம் ஒரு கிலோபாஸ்கலுக்குள் அடங்கிவிடும். வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு. இந்த எஞ்சின் அதைக் கவனிக்கவே கவனிக்காது.

மூன்று பகுதி, இரண்டு மடங்கு பைப்

பைப் முழுவதையும் மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு அங்கத்தோடு மட்டும் கட்டினால் மீதி எல்லாம் தானாக அமைகிறது.

முதல் பகுதி எஞ்சினுடையது. டவுன்பைப் டர்போவில் மாட்டி, கீழே கியர்பாக்ஸில் ஒரு தாங்கலால் விறைப்பாகப் பிடிக்கப்படுகிறது. கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேர்ந்தே அசைவதால் இங்கே விறைப்பு சரி. அந்தத் தாங்கல் இல்லாவிட்டால் பைப்பின் கனம் முழுக்க டர்போவின் இணைப்பு விளிம்பில் (ஃபிளேஞ்ச்) தொங்கும். அதற்குப் பின் 4 அங்குல விட்டம், 200 மி.மீ. நீளத்தில் எஸ்.எஸ். மடங்கு பைப், உள்ளே கோர்வைச் சுருள் உறை உள்ள வகை. இது வளைவதையும் அமுங்குவதையும் தாங்கும், முறுக்குவதைத் தாங்காது. பொருத்தும்போது இரு முனையும் ஒரே நேர்கோட்டில், முறுக்கில்லாமல் வர வேண்டும். கோணம் சரியாக வராத பைப்பை மடங்கை வளைத்துச் சேர்ப்பவர்கள் அதன் ஆயுளைப் பொருத்தும்போதே தின்றுவிடுகிறார்கள்.

இரண்டாவது பகுதி சேஸியுடையது. நடுவில் சைலன்சர். நீட்சி ஒரே முனையில் குவியாமல் இருபுறமும் பாதிப்பாதியாகப் போக, சைலன்சரின் தாங்கல் மட்டும் முன்பின் நகராதபடி பிடிக்கப்பட்டிருக்கிறது. மற்ற இரண்டு தாங்கல்களும் ரப்பர் தொங்கல்கள், முன்பின் ஊசலாடும். முதல் தொங்கல் மடங்கு பைப்பின் பின்முனையிலிருந்து 300 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். தள்ளிப் போனால் பைப்பின் கனத்தை மடங்கு சுமக்கும். சேஸியின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடுவதும் அதில் வெல்டிங் வைப்பதும் வேண்டாம். அதன் நடுப்பக்கத்தில் தொழிற்சாலையே விட்ட துளைகள் இருக்கின்றன, அவை போதும்.

மூன்றாவது பகுதி தொட்டியுடையது. பைப் மேலே ஏறத் திரும்பும் வளைவுக்கு (பெண்டு) சற்று முன்பாக, கிடைமட்டமாக, இரண்டாவது மடங்கு பைப்: 5 அங்குலம், 200 மி.மீ. இங்கிருந்து பெண்டு, ஏறும் பைப், குறுக்கு பைப், போக்கிகள் எல்லாம் தொட்டியோடு மட்டுமே பிணைந்தவை. கேபினில் எதுவும் தொடவில்லை. கேபின் பின்சுவருக்கும் போக்கிக்கும் இடையே 80 மி.மீ. விடப்பட்டிருக்கிறது.

போக்கிகளைத் தாங்குவது 50க்கு 50, 3 மி.மீ. கனச் சதுரக்குழாயில் செய்த சட்டம். தொட்டியின் தளத்தகடு சுமார் ஒரு மி.மீ.தான், அதில் நேரடியாகப் போல்ட் போட்டால் துளையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி கிழியும். எனவே சட்டத்தின் பாதங்கள் தளத்துக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டத்தின் மேல் வரும்படி அமைத்து, அடியில் 75க்கு 75, 5 மி.மீ. தகடுகள் வைத்து, 8.8 தர எம்10 போல்ட் ஆறால் இறுக்கினோம். குறுக்கு பைப் சட்டத்தில் விறைப்பாக நிற்கிறது. போக்கியின் மேல் பிடி தளத்திலிருந்து 900 மி.மீ. உயரத்தில், அது பக்கவாட்டில் மட்டும் பிடிக்கும், மேலே நகர விடும். 1.4 மீட்டர் எஸ்.எஸ். போக்கி 200 டிகிரி ஏறினால் 5 மி.மீ. நீளும். மேலும் கீழும் இறுக்கிப் பிடித்தால் பிடியின் ஓரத்தில் தேய்ந்து கோடு விழும். பிடிக்கும் போக்கிக்கும் நடுவே எஸ்.எஸ். வலைப்பட்டை சுற்றினால் கிணுகிணுப்பும் வராது. ரப்பர் வேண்டாம், கருகிவிடும்.

துளை

5 அங்குல பைப்புக்கு, அதாவது 127 மி.மீ.க்கு, 200 மி.மீ. விட்டத் துளை. சுற்றிலும் 36 மி.மீ. இடைவெளி தாராளமாகத் தோன்றும். சூட்டுக்கும் ஆட்டத்துக்கும் 25 மி.மீ. குறைந்தபட்சம் என்று வைத்து, பொருத்துவதில் வரும் பிசகுக்கு மீதி. பழைய துளையில் 10 மி.மீ.தான் இருந்தது, பைப்பில் விழுந்த பள்ளம் அதனால்தான்.

துளையின் நடுப்புள்ளியைக் கீழிருந்து குறிக்க வேண்டும். மேலிருந்து அளந்து துளைத்தால் குறுக்குச் சட்டத்திலோ பிரேக் பைப்பிலோ போய் முட்டும். கீழே பைப்பின் பெண்டு உத்தேசமாக நின்ற பிறகு தூக்குக்குண்டு வைத்து மையம் பார்த்து, 6 மி.மீ. துளையைக் கீழிருந்து மேலாகப் போட்டு, மேலே வந்து வட்டம் வரைந்து, ஜிக் சாவில் தகட்டுக்கான நுண்பல் பிளேடால் வெட்ட வேண்டும். பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் அதை முன்பகுதியில் இன்னும் 150 மி.மீ. பின்தள்ளி வெட்டிவிடுங்கள். வெட்டிய விளிம்பைத் தேய்த்து, துத்தநாகம் கலந்த பிரைமர் இரண்டு கோட் அடித்து, பிறகு பெயிண்ட். அதன் மேல் 2 மி.மீ. தகட்டில் 40 மி.மீ. உயரக் கழுத்து. தொட்டியில் தேங்கும் தண்ணீரும், வைக்கோல், சருகு போன்றவையும் துளை வழியாகச் சூடான பெண்டில் விழாமல் அது தடுக்கும். இந்தக் கழுத்தை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். தீப்பிடிக்கும் வழியும் அதுதான்.

பழைய இரண்டு துளைகளும் 1.2 மி.மீ. தகட்டால், சீலண்ட் தடவி ரிவெட் அடித்து மூடப்பட்டன.

பைப், தையல், கிளாம்ப்

தளத்துக்குக் கீழே அலுமினியம் பூசிய எஃகு, 1.6 மி.மீ.; மேலே தெரிவதெல்லாம் 304 எஸ்.எஸ். குரோம் பூசிய மென் எஃகுப் போக்கி மலிவு, முதல் மாதம் மின்னும். சூட்டில் அடிப்பகுதி நீலமும் பழுப்புமாக மாறும், பிறகு துளைத்துளையாகத் துரு கிளம்பும். 409 ரக எஸ்.எஸ். சூட்டுக்கு நல்லது, குரோமியம் 11 சதவீதம்தான் என்பதால் வெளியே மேலோட்டமாகத் துரு நிறம் ஏறும். கீழே மறைவாக வைக்கலாம், மேலே வேண்டாம்.

அலுமினியம் பூச்சைத் தையலின் இருபக்கமும் 15 மி.மீ. அகலத்துக்கு ஃபிளாப் டிஸ்கால் முழுக்கத் தேய்த்து எடுத்த பிறகே வெல்டிங். சாதா எஃகோடு சாதா எஃகைச் சேர்க்க 0.8 மி.மீ. கம்பியில் மிக் (கம்பி தானாக ஊட்டப்படும்) வெல்டிங், எஸ்.எஸ்.ஸை எஃகோடு சேர்க்கும் இடத்தில் 309எல் ரக எஸ்.எஸ். கம்பி. எஸ்.எஸ்.ஸை எஸ்.எஸ்.ஸோடு டிக் (டங்ஸ்டன் முனை) வெல்டிங்கில் சேர்ப்பதென்றால் பைப்புக்குள் ஆர்கன் வாயுவை ஓட விட வேண்டும். இல்லாவிட்டால் உள்பக்கம் கருகிச் சர்க்கரைப் பொரி போலக் கிளம்பி, அந்த இடமே விரிசலின் முதல் வாயாகும். முனைகளுக்கு நடுவே இடைவெளி ஒரு மி.மீ.யைத் தாண்டினால் மறுபடி வெட்டிப் பொருத்துங்கள், கம்பியால் நிரப்பாதீர்கள்.

வண்டியில் வைத்துக் கோணம் பார்த்து, மூன்று புள்ளிகளில் டாக் (தற்காலிகமாகப் பிடிக்கும் சிறு வெல்டிங்) மட்டும் வைத்து, கழற்றி மேசையில் வைத்து முழுத் தையல் போட வேண்டும். டாக் வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் கழன்றிருக்க வேண்டும், எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பிளக் கழன்றிருக்க வேண்டும், எர்த் கிளாம்ப் வெல்டிங் வைக்கும் பைப்பிலேயே இருக்க வேண்டும். எர்த்தைத் தூரத்துச் சக்கரத்திலோ பம்பரிலோ கவ்வினால் கரண்ட் பேரிங் வழியாக ஓடி அதைக் குழி குழியாக்கும். டாங்க் பக்கம் பொறி போகாமல் தீத்தடுப்புப் போர்வை போடுங்கள். டாக் முடிந்து அரைமணி நேரம் யாராவது வண்டியோடு இருக்கட்டும்.

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இணைப்புகளுக்கு அகலப் பட்டைக் கிளாம்ப். யூ போல்ட் கிளாம்ப் பைப்பை நசுக்கிப் பள்ளமாக்கும்; அடுத்த முறை கழற்ற நினைத்தால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நுழையும் நீளம் 50 மி.மீ. வேண்டும். முதல் சூடேறி ஆறிய பிறகு எல்லாக் கிளாம்புகளையும் ஒரு முறை இறுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை.

தண்ணீர்

வாய் திறந்து நிற்கும் குழாயில் மழை விழும். 6 அங்குல வாயின் பரப்பு 0.0175 சதுர மீட்டர். ஓரிரவில் 50 மி.மீ. மழை என்றால் ஒரு போக்கிக்கு ஏறத்தாழ 0.9 லிட்டர், சாய்வெட்டு வாய் அதைக் குறைக்கும், நிறுத்தாது. டர்போ உயரத்தில் இருப்பதால் இந்தத் தண்ணீர் அதற்குப் போய்ச் சேராது. ஆனால் சைலன்சரில் தேங்கி உள்ளிருந்து அரிக்கும். பழைய பொருத்தத்தில் வடிகால் துளை ஒன்றுகூட இல்லை.

ஏறும் 5 அங்குல பைப்பைக் குறுக்கு பைப்பின் அடியோடு வெட்டி நிறுத்தாமல், அதற்குள் 20 மி.மீ. நீட்டிவிட்டு வெளிச்சுற்றில் தையல் போட்டோம். அந்த விளிம்பு அணை மாதிரி நிற்கிறது. போக்கிகளில் இறங்கும் நீர் கீழே போகாமல் குறுக்கு பைப்பிலேயே நிற்கும். அதன் இரு முனைகளின் அடியிலும் 6 மி.மீ. வடிகால் துளை, அதிலிருந்து தளத்தின் முன் வடிகாலுக்கு ஒரு சிறு குழாய். அது இல்லாவிட்டால் கரித்தண்ணீர் தளமெங்கும் ஓடும். சைலன்சரின் தாழ்ந்த மூலையிலும் 3 மி.மீ. துளை ஒன்று. துளைகள் கரியால் அடைபடும். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் கம்பி விட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

சத்தம், சூடு, சட்டம்

ஆறு சிலிண்டர் நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுழற்சியில் நொடிக்கு 75 முறை வெடிக்கிறது. டர்போ முதல் வாய் வரை 5 மீட்டர் நீளமான சூடான பைப்பின் ஒத்ததிர்வுகளில் ஒன்று அதே பக்கத்தில்தான் விழும். பழைய பொருத்தத்தில் சைலன்சரே இல்லை. இப்போது போட்டிருப்பது நேராகப் பாயும், உள்ளே சூடு தாங்கும் பஞ்சு அடைத்த வகை, உடல் நீளம் 750 மி.மீ. இது டர்போவின் சீழ்க்கையையும் கரகரப்பையும் நன்றாக விழுங்கும். கீழ்ச்சுருதி ரீங்காரத்தைப் பாதிதான் குறைக்கும். அதையும் ஒழிக்க வேண்டும் என்றால் அறைகள் உள்ள சைலன்சர் வேண்டும். அது தடுக்கும் ஓட்டத்தையும் சேர்த்து ஏற்க வேண்டும்.

போக்கியின் மேல்தோல் நெடுஞ்சாலையிலேயே 200 டிகிரியைத் தாண்டலாம். 60 டிகிரி உலோகமே கையைச் சுட்டுவிடும். எனவே கை எட்டும் உயரம் வரை 25 மி.மீ. தள்ளி நிற்கும் துளைத்தகட்டு மறைப்பு, குறுக்கு பைப்பைச் சுற்றியும் அதேபோல். தார்ப்பாய், பெட்ரோல் கேன், வைக்கோல் எதுவும் அந்த 300 மி.மீ.க்குள் வரக் கூடாது. லேசர் வெப்பமானியால் சோதிக்கும்போது பளபளக்கும் எஸ்.எஸ். உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். அளக்கும் இடத்தில் மங்கிய கறுப்பு வெப்பப் பெயிண்டைப் புள்ளியாக அடித்து அதில் அளக்க வேண்டும்.

அமெரிக்க வணிக வாகனப் பாதுகாப்பு விதிகளின் 393.83 பிரிவு இதே விஷயங்களைத்தான் கேட்கிறது: வயர், எரிபொருள் வழி, எரியக்கூடிய பாகங்கள் கருகும் இடத்தில் புகைக்குழாய் போகக் கூடாது, உறுதியாகப் பிணைந்திருக்க வேண்டும், ஒட்டுப்போட்டோ சுற்றிக்கட்டியோ பழுதுபார்க்கக் கூடாது, டிரக்கில் புகை கேபினுக்குப் பின்னால், அல்லது கேபினைவிட உயரமாகச் சென்றால் அதன் பின்பக்கம் அருகே வெளியேற வேண்டும். சொந்த உபயோக வண்டிக்கு அந்தப் பிரிவு பொருந்தாவிட்டாலும் அளவுகோலாக அதைவிட நல்லது இல்லை. இந்த 2001 வண்டியில் கரி வடிகட்டி கிடையாது. அமெரிக்காவில் 2007 மாடல் முதலான டீசல் பிக்கப்களில் அது உண்டு. புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டர், வடிகட்டி, சென்சார் எதையும் கழற்றுவது அந்நாட்டுத் தூய காற்றுச் சட்டத்தை மீறுவது. அத்தகைய வண்டியில் போக்கி வடிகட்டிக்குப் பின்னால்தான் தொடங்க முடியும். வடிகட்டி தன் கரியை எரிக்கும் நேரத்தில் உள்ளே 600 டிகிரி போகும் என்பதால் இங்கே சொன்ன இடைவெளிகள் எல்லாம் கூட வேண்டும்.

சோதனை

எஞ்சினை ஓட்டும் முன்பே கசிவு பார்த்துவிடலாம். ஒரு போக்கியின் வாயை அடைத்து, இன்னொன்றில் தூசி உறிஞ்சியின் ஊதும் முனையைச் செருகி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். இதில் இரண்டாவது மடங்கின் முன் கிளாம்பில் மட்டும் குமிழி வந்தது; பைப்பின் உள்முனை முழுதாக நுழையவில்லை.

பிறகு பிரேக்கை அழுத்தியபடி கிளட்சில் லேசாகச் சுமை ஏற்றி, எஞ்சின் சாயும்போது டவுன்பைப் தீச்சுவரையோ (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள சுவர்) சேஸியையோ தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒருவர், வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லாமல். அடுத்து ஒரு பின்சக்கரத்தை மட்டும் 200 மி.மீ. மேட்டில் ஏற்றித் தளத் துளையில் இடைவெளி எப்படி மாறுகிறது என்று அளக்க வேண்டும், இரண்டு பக்கமும். மிகக் குறுகிய இடத்திலும் 25 மி.மீ. இருந்தால் சரி. கேபினுக்கும் போக்கிக்கும் இடையே உள்ள 80 மி.மீ.தான் இந்தச் சோதனையில் அதிகம் குறையும்.

தொட்டிக்குள்ளேயே மாட்டும் கூஸ்நெக் டிரெய்லர் இழுக்கும் வண்டி என்றால் டிரெய்லரை மாட்டி, முழுத் திருப்பத்தில் அதன் முன்மூலை போக்கிக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று பாருங்கள். வாய் பின்னோக்கி இருப்பதால் டிரெய்லரின் முன்முகத்தில் கரி படியும். அதைத் தவிர்க்க நினைப்பவர்கள் வாயை 30 டிகிரி வெளிப்பக்கம் திருப்பி வைக்கலாம். மேல் பிடியைத் தளர்த்தித் திருப்ப வசதியாக, போக்கியைக் குறுக்கு பைப்பின் மேல்திரும்பிய முனைகளில் வெல்டிங் வைக்காமல் பட்டைக் கிளாம்பில் விட்டிருக்கிறோம்.

இனித் தேய்வது இரண்டு மடங்குகளும் ரப்பர் தொங்கல்களும். மடங்கின் வெளிப் பின்னலில் ஓரிடத்தில் கறுப்புக் கரி தெரிந்தால் உள்ளே மடிப்பு வெடித்துவிட்டது என்று பொருள். மாற்றும் முன் அதன் பின்னால் இருக்கும் தொங்கலைப் பாருங்கள்; பெரும்பாலும் அதுதான் முதலில் தொய்ந்திருக்கும்.